நியூபோர் மாப்பிள்ளை

புதுச்சேரி
14 ஆகஸ்டு 1927

அன்புள்ள அண்ணன் வேலப்பனுக்குத் தங்கை முத்தம்மா சொல்லச் சொல்ல, மகள் சிவந்தி எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். மில்லின் பஞ்சுத் தூசி மட்டும் நெஞ்சில் நிற்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள்கிறாயா, இல்லை முதுகுவலிக்கும் ஒரு கதை கட்டிக்கொண்டு திரிகிறாயா?

சிவந்திக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பேர் பரசுராமன். இந்த ஊர்ப் பிள்ளைதான். பெரிய சண்டையில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பிரான்சுக்குப் போனவன், போன வருஷம்தான் திரும்பினான். இப்போது உன் ராயபுரத்தில், துறைமுகத்துப் பக்கம் தார்ப்பாய் தைக்கிற கொட்டகையில் வேலை. பிரான்சில் என்ன செய்தாய் என்று கேட்டால் ஆகாய விமானத்தில் வேலை என்கிறான். "நியூபோரில் இருந்தேன் அம்மா" என்கிறான். விமானத்தில் வேலை பார்த்தவன் இங்கே வந்து ஏன் தார்ப்பாய் தைக்க வேண்டும்?

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைக் கேள். மூலையில் என் கிழிந்த குடை சாத்தியிருந்தது. அதைப் பார்த்துவிட்டான். ஊசி நூல் கேட்டு வாங்கி, கொடுத்த காபி ஆறிப்போக, உட்கார்ந்து தைத்தான். ஒரு தையலுக்கு ஒரு முடிச்சு, ஒரு தையலுக்கு ஒரு முடிச்சு என்று சாயங்காலம் முழுக்க இழுத்துவிட்டான். பெண்ணைப் பார்க்க வந்தவனா, குடையைப் பார்க்க வந்தவனா?

அடுத்த வீட்டு அம்முவைச் சைகோன் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அங்கே அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தது தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. கடல் தாண்டிப் போனவன் வாயிலிருந்து வருவதை நம்ப எனக்குப் பயம். நீ தாய்மாமன். அவனைப் பார்த்து விசாரித்து எழுது. நீ சரி என்றால் தை மாதம் கல்யாணம். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் தங்கை
முத்தம்மா

குடையை நன்றாகத்தான் தைத்திருக்கிறார், மாமா. எழுதியவள்.


ராயபுரம்
25 ஆகஸ்டு 1927

சென்னைத் துறைமுகத்தின் கிரேன் சிங்காசனத்தில் வீற்றிருந்து, வங்கக் கடலுக்கு அலையடிக்க உத்தரவு கொடுத்துவரும் வேலப்பன், தன் தங்கை முத்தம்மாவுக்கும் மருமகள் சிவந்திக்கும் மனமிரங்கி எழுதுவது.

இவ்விடம் நானும் என் மீசையும் சுகம். முதுகுவலி போன வாரம் விட்டுப் போய்விட்டது. போன வேகத்தில் வீட்டுக் கூரையையும் பிய்த்துக்கொண்டு போய் எண்ணூர்க் கழிமுகத்தில் போட்டுவிட்டது. முகத்துவாரக்குப்பத்தில் ஒரு குடும்பம் இப்போது அந்தக் கூரையின் கீழ்தான் குடியிருக்கிறது. வாடகை கேட்க எனக்குக் கூச்சம்.

நிற்க. மருமகளே, முதலில் உன் எழுத்துப் பிழையைத் திருத்துகிறேன். "நியூபோர்" என்று எழுதியிருக்கிறாய். போர் அல்ல, போர்ட். ராயபுரத்தில் பிறந்த பூனைக்குட்டிக்கும் தெரியும், போர்ட் என்றால் துறைமுகம். நியூபோர்ட் என்றால் புதுத் துறைமுகம். கடைசி "ட்"டைத் தின்றுவிட்டாயே, புதுச்சேரியில் சோறு போடுவதில்லையா?

ஆக, உங்கள் பரசுராமன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்திருக்கிறான். துறைமுகத்தில் எங்கே விமானம்? சந்தேகம் அங்கேயே முளைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றலாம் என்று கருவாட்டு மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து நின்று கொட்டகையைக் கண்காணித்தேன். (மூன்று பூனைகள் எனக்குச் சேவகம் செய்தன.)

அவன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறான். தட்டுகிறான், கேட்கிறான். தார்ப்பாய் என்ன, தபேலாவா? வேலை முடிந்து வெளியே வந்தவன் தெருமுனையில் கோவிந்தம்மாவின் கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கினான். உரித்தான். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான். தின்னவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டுக்குப் போட்டுவிட்டு நடந்தான்.

நான் கோவிந்தம்மாவைப் பிடித்தேன்.

"இன்னாம்மே, யாரு இந்த ஆளு?"

"அத்த ஏன் கேக்கற மாமு. டெய்லி ஒரு பழம் வாங்குவாரு. துன்னவே மாட்டாரு. மோந்து மோந்து பாத்துட்டு ஆட்டுக்குப் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பாரு. என் பழத்துல இன்னாய்யா கொறன்னு கேட்டா, ஒண்ணியும் இல்லம்மா, வாசன நல்லாக்கீதுன்னுவாரு. ஆடு மட்டும் குண்டாய்க்கினு வருது."

முத்தம்மா, குரங்குகூட வாழைப்பழத்தை முகர்ந்துவிட்டு விடாது. இந்த ஆள் குரங்கும் இல்லை. அப்படியானால் சி.ஐ.டி.யா, பைத்தியமா? விசாரணை தொடர்கிறது. நான் வாய் திறக்கும்வரை தாம்பூலம் மாற்ற வேண்டாம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். என் உடம்பைக் கவர்னர் பார்த்துக்கொள்கிறார்.

கிரேன் வேந்தன்
வேலப்பன்


புதுச்சேரி
9 செப்டம்பர் 1927

அண்ணனுக்கு முத்தம்மா எழுதச் சொல்வது.

நலம். மழைக்கு முன் வரும் புழுக்கம் ஆளைக் கொல்கிறது. நீ கருவாட்டு மூட்டைக்குப் பின்னால் நிற்க வேண்டாம், ஏற்கெனவே உன் பக்கத்தில் உட்கார முடியாது.

பழத்தை முகர்கிறான் என்று சிவந்தி படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. குடையைத் தைத்துக்கொண்டே இவன் சொன்னதை நான் பாதி காதில்தான் வாங்கினேன். அந்த விமானத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டடுக்கு இறக்கையாம். இரண்டும் துணியாம். துணியை மரச்சட்டத்தில் இழுத்துத் தைப்பதுதான் இவன் வேலையாம். தைத்த பிறகு ஒரு பசை பூசுவார்களாம், துணி மத்தளம் போல விறைக்குமாம், பசைக்கு வாழைப்பழ வாசனையாம். ஓட்டுகிறவன் சுழலும் காற்றாடிக்கு நடுவிலேயே துப்பாக்கியால் சுடுவானாம், காற்றாடியில் ஒரு குண்டும் படாதாம். எதிரி விமானத்தை விரட்டி வேட்டையாடுவதற்கென்றே செய்ததாம்.

துணியால் செய்ததில் மனுஷன் ஆகாயத்தில் போவானா? நீ பொய் சொல்வதில் கெட்டிக்காரன். இதில் எது பொய் என்று உனக்குத்தான் தெரியும். ஆராய்ந்து எழுது.

முத்தம்மா

மாமா, கூரை எண்ணூருக்குப் போனதை அம்மா நம்பவில்லை. நான் ஒரு வார்த்தைகூட விடாமல் படித்தேன். அவர் மெலிந்திருக்கிறாரா? சி.


ராயபுரம்
28 செப்டம்பர் 1927

தர்மப் பிரபு, சத்திய சந்தன், பொய்களின் பரிசோதகர் வேலப்பன் தங்கைக்கு எழுதும் தீர்ப்பு.

சுகம். நீங்களும் சுகமாயிருக்கக் கடலம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பதாகத் தலையாட்டினாள்.

முத்தம்மா, பொய்க்கும் ஒரு தர்மம் உண்டு. நான் காசிமேட்டில் திமிங்கிலம் பிடித்து, அது விட்ட ஏப்பத்தில் ராயபுரம் விளக்குகள் எல்லாம் அணைந்தன என்று சொன்னால், கேட்கிறவன் சிரிப்பான், பீடி கொடுப்பான். யாருக்கு நஷ்டம்? இவன் பொய் அப்படியில்லை. சிரிக்காமல் சொல்கிறான். துணி விமானமாம்! குண்டு காற்றாடியிடம் "கொஞ்சம் வழிவிடு அக்கா" என்று கேட்டுக்கொண்டு போகுமாம்! விமானத்துக்கு வாழைப்பழ வாசனையாம்! ஒரு பொய்யை நிஜமாக்கத் தினமும் ஒரு பழம் வாங்கி ஒத்திகை பார்க்கிறான், பார்த்தாயா? ஆடுதான் சாட்சி.

ஆனால் அவனை மடக்கியது நியூபோர்ட். என் தோஸ்து அலி அக்பர், கப்பலில் கரி தள்ளி உலகத்தையே கறுப்பாக்கி வந்தவன். அவனிடம் கேட்டேன்.

"நியூபோர்ட்டா? நான் பாக்காத நியூபோர்ட்டா நைனா? இங்கிலீஷ்காரன் சீமையில கீது. கரி ஏத்தற ஊரு. கரி, மழ, கரி, மழ. வேற ஒண்ணியும் கெடையாது."

கேட்டாயா? பிரான்சில் இருந்தேன் என்பவன் இருந்தது இங்கிலாந்தில்! விமானத்தில் வேலை என்பவன் பார்த்தது கரி ஏற்றும் வேலை! உடனே அலி அக்பரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"தம்பி, நியூபோர்ட்ல இன்னா வேல பாத்த?"

"தைக்கிற வேலைங்க."

"தொறமுகத்துல இன்னாடா தையலு?"

"துறைமுகமா? விமானம்ங்க ஐயா."

"நியூபோர்ட் ஊரு எங்க கீது, அத்த சொல்லு."

"அது ஊரில்லீங்களே."

அலி அக்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாது, ஊரே இல்லியா? அங்க ரெண்டு தபா வழுக்கி வுழுந்து மண்டய ஒடச்சிக்கினேன். ஊரில்லாம எங்கடா வுழுந்தேன்?"

அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "போர்ட் இல்லீங்க ஐயா, போர்" என்றான். "போரா? எந்தப் போரு? சண்ட முடிஞ்சி எத்தினி வருசமாவுது?" என்றேன். அவன் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். இடது கையால்.

பெண் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றான். நாங்கள் திரும்பும்போது பின்னாலேயே வாசல்வரை வந்து, "அந்தக் குடை ஒழுகுதான்னு மட்டும் கேட்டு எழுதுங்க" என்கிறான். கல்யாணம் போயிற்று என்கிறேன், குடை ஒழுகுதா என்கிறான்! பைத்தியம் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம். வேறு வரன் பார்.

வேலப்பன்


புதுச்சேரி
12 அக்டோபர் 1927

அண்ணனுக்கு முத்தம்மா எழுதச் சொல்வது.

நலம். உன் நலம் படிக்கக் கேட்டுச் சந்தோஷம்.

உன் கடிதத்தால் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பிள்ளை யோக்கியன், சொன்னது அத்தனையும் உண்மை, நானே விசாரித்துவிட்டேன் என்று நீயே எழுதிய பிறகு எனக்கு என்ன சந்தேகம்? அவன் அத்தை சொக்கம்மாள் வந்தாள். தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். தை மாதம் முகூர்த்தம். தாய்மாமன் சீர் எல்லாம் பெரிதாக வேண்டாம். உன்னால் முடிந்ததைச் செய். நீ வந்து நின்றால் போதும்.

முத்தம்மா


ராயபுரம்
18 அக்டோபர் 1927

புதுச்சேரி, சிவந்திக்கு.

உங்கம்மா முத்தம்மாவின் நலத்தைப் பிறகு கேட்கிறேன். முதலில் என் நலத்தைக் கேள். உன் கடிதத்தைப் படித்ததும் நெஞ்சு நின்றுவிட்டது. கிரேன் சங்கிலியைக் கட்டி மறுபடி ஓட்டினோம்.

நான் எழுதியது "பெண் கிடையாது". அங்கே போய்ச் சேர்ந்தது "பிள்ளை யோக்கியன்". வழியில் விழுப்புரத்தில் ரயில் மாறும்போது எழுத்தும் மாறிவிட்டதா? தபால்காரனைச் சந்தேகப்பட்டேன். பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரன் சோதனை போட்டு என் கோபத்தை மட்டும் பறிமுதல் செய்துவிட்டானோ என்றும் யோசித்தேன்.

அப்புறம் மரமண்டையில் உறைத்தது. உங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. எழுதுகிறவள் நீ. படிக்கிறவளும் நீ!

எங்கே, இந்த அடுத்த வரியை அம்மாவுக்குச் சத்தமாகப் படி: "முத்தம்மா, உன் மகள் என் கடிதத்தை மாற்றிப் படிக்கிறாள்."

படித்தாயா? மாட்டாய். "அண்ணன் திருவொற்றியூர்த் தேருக்குப் போய் வந்தானாம்" என்று ஏதாவது படித்திருப்பாய். அம்மாவும் தலையாட்டியிருப்பாள்.

கடிதத்தில் நான் என்ன எழுதினாலும் அது உன் வாய் வழியாகத்தான் அவள் காதுக்குப் போக வேண்டும். அதனால் தீபாவளிக்கு நேரே வருகிறேன். வந்து நாக்கால் சொல்கிறேன். அதை எப்படி மாற்றுவாய் என்று பார்க்கிறேன்.

ஏமாந்த மாமன்
வேலப்பன்


புதுச்சேரி
22 அக்டோபர் 1927

மாமாவுக்குச் சிவந்தி வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதம் அம்மா சொல்லி எழுதியதல்ல. அம்மா மில்லுக்குப் போயிருக்கிறாள்.

உங்கள் நெஞ்சு நலமாக ஓடும் என்று நம்புகிறேன்.

மாற்றிப் படித்தது உண்மைதான். ஆனால் ஒன்று, மாமா. நீங்கள் சொன்ன பொய்களில் ஒரு வார்த்தையைக்கூட நான் இதுவரை மாற்றியதில்லை. கூரை, பூனைகள், கவர்னர், எல்லாவற்றையும் உள்ளபடி படித்தேன்; திமிங்கிலம் மட்டும் தீர்ப்போடு சேர்ந்து போயிற்று. நீங்கள் நிஜம் என்று நினைத்து எழுதியதைத்தான் மாற்றினேன்.

"ட்"டை நான் தின்னவில்லை. அவர் சொன்னபடிதான் எழுதினேன். அவர் எழுதிக் காட்டியபோது பார்த்தேன். அதில் "ட்" இருந்தது. சொல்லும்போது இல்லை. ஏன் என்று கேட்டேன், சொன்னார். எப்போது எழுதிக் காட்டினார் என்று கேட்காதீர்கள். ஒரு குடைக்கு ஒரு சாயங்காலம் ஏன் ஆயிற்று என்று அம்மா கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். அம்முவின் அழுகையை நானும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவள்தான். அவர் பொய் சொல்கிறவராக இருந்தால் எனக்குத் தெரியும், மாமா. நான் உங்கள் மடியில் வளர்ந்தவள்.

தீபாவளிக்கு வாருங்கள். ஆனால் அவரிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டு வாருங்கள். அலி அக்பர் மாமா இல்லாமல்.

சிவந்தி


ராயபுரம்
20 நவம்பர் 1927

மருமகள் சிவந்திக்கு மாமன் வேலப்பன் எழுதியது. இதை அம்மாவுக்கு உள்ளது உள்ளபடி படி. ஒரு புள்ளியும் மாற்றாதே.

எல்லோரும் நலமாயிருப்பீர்கள். தீபாவளிக்கு நான் வரவில்லை. புயல் அடித்துக் கப்பல்கள் தாறுமாறாக வந்து நின்றன, லீவு கிடைக்கவில்லை. உன் கடிதத்துக்கும் கோபத்தில் பதில் எழுதவில்லை. "என் மடியில் வளர்ந்தவளாம்" என்று கிரேனிடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

சயாம் தேசத்துக்குப் போகிற ஒரு பிரெஞ்சுக் கப்பல் புயலில் அடிபட்டு நம் துறைமுகத்துக்குள் வந்தது. உள்ளே சரக்கு உருண்டு உடைந்திருந்தது. பெட்டிகளைக் கரையில் இறக்கிவைத்துத்தான் கப்பலைச் சரிசெய்ய வேண்டும். காலையில் நான் ஒரு பெட்டியைத் தூக்கினேன். நீளம் ஒரு படகு நீளம். ஆனால் கனம் இல்லை. கிரேன் கனத்தை என் கைக்குச் சொல்லும், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. கரையில் வைத்ததும் கீழே நின்ற ஆட்கள் மூக்கைத் தூக்கினார்கள்.

"இன்னா மாமு, பழமண்டிக் கப்பலா? வாயப்பழ வாசன தூக்கிக்கினு போவுது!"

நான் இறங்கி ஓடினேன். பெட்டிக்குள் ஒரு பழமும் இல்லை. இறக்கை இருந்தது. துணி இறக்கை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஜோடி. ஒன்றின் துணி கிழிந்து, உள்ளே மரச்சட்டம் விலா எலும்பு போலத் தெரிந்தது. அதிலிருந்துதான் அந்த வாசனை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து பெட்டிமேல் எழுதியிருந்தால் மட்டும் தெரியும். என், ஐ, ஈ, யூ, பி, ஓ, ஆர், டி. கூட்டிப் படித்தேன். அப்போது கப்பலிலிருந்து ஒரு பிரெஞ்சுத் துரை தலையில் கை வைத்துக்கொண்டு, "நியூபோர்! நியூபோர்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். "ட்" பெட்டியில் இருக்கிறது, அவன் வாயில் இல்லை. அவர்கள் எழுதுவதையெல்லாம் பேச மாட்டார்களாமே. கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்களாம். நியூபோர் என்பது விமானம் செய்கிறவன் பேராம். உனக்கு முன்பே தெரியும்.

நான் கொட்டகைக்குப் போனேன். பரசுராமன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கரையில ஒரு பெட்டி வந்துகீது. பழ வாசன அடிக்குது" என்றேன்.

மூட்டை அவர் கையிலிருந்து நழுவியது. எனக்கு முன்னால் நடந்தார், பாதி வழியில் ஓடினார். துரையிடம் அவன் பாஷையில் பேசினார். கிழியாத பக்கத்தை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். தார்ப்பாயிடம் கேட்டாரே, அதே மாதிரி. அதற்கு அடியில் இன்னொரு பெட்டியில் துப்பாக்கி இருந்தது. அலி அக்பர் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

இறக்கையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து மரக்கட்டைமேல் வைக்க வேண்டும். நான் கிரேனில் ஏறினேன். ரயில் என்ஜினைத் தூக்கியபோதுகூட நான் சங்கிலியை அங்குலம் அங்குலமாக விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். அவர் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கி இறக்கையின் அடியில் கொடுத்து, அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"மாமா, இன்னும் ஒரு சாண் கீழே."

ஐயா இல்லை. மாமா. இறக்கினேன்.

இப்போது தினமும் அங்கேதான் தைக்கிறார். கப்பல் சரியாக இன்னும் ஒரு மாதம் பிடிக்கும். துரை அவரைக் கூடவே சயாமுக்கு வரச் சொல்கிறான், அங்கே விமானங்களைப் பூட்டித் தைக்க ஆள் வேண்டுமாம். கப்பல் புறப்படும்போது பதில் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

முத்தம்மா, பிள்ளை சொன்னது அத்தனையும் உண்மை. பெண்ணைக் கொடு.

வேலப்பன்


புதுச்சேரி
4 டிசம்பர் 1927

வேலப்பன் அவர்களுக்கு, இந்தத் தெருவில் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் ஜேக்கப் எழுதுவது. தங்கள் சகோதரி முத்தம்மாள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன். கடுமைக்கு நான் பொறுப்பல்ல.

அண்ணே, உடம்புக்குச் சுகமே. மனசுக்கு இல்லை.

செப்டம்பரில் நீ எழுதியதைச் சிவந்தி படித்தபோதே எனக்கு ஒரு நெருடல். பிள்ளை யோக்கியன், உண்மை, நலம் என்று வரிசையாக வந்தது. ஒரு திமிங்கிலம் இல்லை, ஒரு கவர்னர் இல்லை. என் அண்ணன் கடிதத்தில் பொய் இல்லையென்றால் அது என் அண்ணன் கடிதமே இல்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு விட்டுவிட்டேன். இப்போது வந்த கடிதத்திலும் ஒரு பொய்கூட இல்லை. பயந்துபோய் எல்லாக் கடிதத்தையும் ஜேக்கப் வாத்தியாரிடம் எடுத்து வந்து படிக்கச் சொன்னேன்.

எல்லாம் தெரிந்துவிட்டது. மகள் மாற்றிப் படித்திருக்கிறாள். நீ முதலில் அயோக்கியன் என்று எழுதினாய். அவள் உனக்குத் தனியாக ஏதோ எழுதியிருக்கிறாள். உடனே நீ யோக்கியன் என்று எழுதுகிறாய். அதுவும் எப்படி? அவன் சொன்ன விமானமே கப்பலேறி வந்து, உன் கிரேனிலேயே மாட்டி, அவன் சொன்ன வாசனையே அடித்ததாம்! இவள் அழுதாள் என்று நீ கட்டிய கதைதானே? உன் கூரை எண்ணூருக்குப் பறந்த கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உன் பேச்சும் இவள் பேச்சும் ஒரே நூலில் தைத்தது. ஓரிடத்தில் அறுந்தது, எல்லாம் அவிழ்ந்தது. யாரை நம்பிப் பெண்ணைக் கொடுப்பேன்? மார்கழி முடிவதற்குள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அவன் சயாமுக்குப் போகட்டும்.

முத்தம்மா

சிவந்தி நலம். சாப்பிடுவதில்லை. இது முத்தம்மாள் சொன்னதல்ல. ஜேக்கப்.


ராயபுரம்
9 டிசம்பர் 1927

தங்கை முத்தம்மாவுக்கு வேலப்பன் எழுதுவது.

நலம். உன் நலம் தெரிந்தது.

என் வாயை நம்பாதே. நீ செய்வது சரி.

இத்துடன் ஒரு துணித்துண்டு வைத்திருக்கிறேன். கிழிந்த இறக்கையிலிருந்து வெட்டி எடுத்தது. அதில் இருக்கிற தையல் பிரான்சில் எவனோ போட்டது, மாப்பிள்ளை போட்டதில்லை. முகர்ந்து பார். பிறகு தையலைப் பார்.

எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

வேலப்பன்


புதுச்சேரி
20 டிசம்பர் 1927

அண்ணனுக்கு முத்தம்மா எழுதச் சொல்வது. எழுதுவது சிவந்தி. எழுதியதை ஜேக்கப் வாத்தியார் படித்துச் சரிபார்த்தார். இனிமேல் இப்படித்தான்.

நலம். நீயும் நலமாயிரு. அவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதில்லை. உனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

துணி வந்தது. சிவந்தி முகர்ந்து வாழைப்பழம் என்றாள். வாத்தியாரும் அப்படித்தான் என்றார். எனக்கு எங்கே மூக்கு? மில்லுத் தூசி எப்போதோ அதைத் தின்றுவிட்டது. அதனால் வாசனையை நான் கணக்கில் வைக்கவில்லை.

தையலைப் பார்த்தேன். வாசல் வெயிலில் வைத்து, ஊசியால் கிண்டிக் கிண்டிப் பார்த்தேன். ஒரு தையலுக்கு ஒரு முடிச்சு. நடுவில் ஒன்றை அறுத்தேன். பக்கத்துத் தையல் அசையவில்லை. இன்னொன்றை அறுத்தேன், அதற்குப் பக்கத்துத் தையலும் அசையவில்லை. ஆகாயத்தில் ஓரிடம் கிழிந்தாலும் மற்ற இடம் ஆளைத் தாங்க வேண்டும் என்று போட்ட முடிச்சு அது. என் வயசெல்லாம் நூலோடு போயிற்று, தார்ப்பாய்க்காரனும் தையல்காரனும் இப்படி முடிச்சு போட்டு நான் பார்த்ததில்லை. யாருக்கு அவ்வளவு பொறுமை?

உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தேன். பக்கத்தில் வைத்தேன். அதே முடிச்சு. சாய்வு மட்டும் மறுபக்கம். இடக்கைக்காரன் போட்டது.

தாம்பூலம் என் பெட்டியிலேயே இருக்கிறது. தை மாதம் நீ வா. வந்து எந்தக் கதையை வேண்டுமானாலும் அள. ஊரே வருகிறது, சிரிக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் கிரேனை விட்டு இறங்கு. கப்பல் கிளம்புவதற்குள் அவரிடம் போ.

அவர் உன்னிடம் ஒன்று கேட்டாராமே. சிவந்தி எனக்குப் படிக்காமல் விட்ட வரி அது, வாத்தியார் படித்துத்தான் தெரிந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டிய மழையில் தினமும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் மில்லுக்குப் போய் வந்தேன்.

ஒழுகவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்.

முத்தம்மா